சிபியு 45 சதவீதம்தான், பிறகு படம் ஏன் உறைகிறது?

மொரிசியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு தம்பி கேட்டது, சுருக்கமாக: தைப்பூசக் காவடியன்று கோவில் வாசலில் திரை வைத்துக் காட்டவும், வர முடியாதவர்களுக்கு இணையத்தில் அனுப்பவும் ஒரு சிறு பெட்டி செய்திருக்கிறார்கள். ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கணினி போர்டு, 1080 வரி யுஎஸ்பி கேமரா, யுஎஸ்பி சவுண்ட் கார்டு, படத்தைச் சுருக்க போர்டிலேயே உள்ள எச்.264 என்கோடர், பதிவுக்கு எஸ்டி கார்டு. "சிபியு 45 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. ஆனாலும் ஒலியில் 'டப் டப்' என்று வெடிக்கிறது, படம் அவ்வப்போது அரை நொடி உறைகிறது. எல்லா த்ரெட்டுக்கும் (நிரலுக்குள் தனித்தனியாக ஓடும் வேலைகளுக்கு) ஃபிஃபோ 99, அதாவது லினக்ஸின் மிக உயர்ந்த ரியல்டைம் முன்னுரிமை கொடுத்தேன், இன்னும் மோசமானது. கியூர்பிப்பில் வீட்டில் ஓட்டியபோது ஒழுங்காக இருந்தது, போர்ட் லூயிஸ் கோவிலில் வைத்ததும் கெட்டது. பை 5 வாங்கினால் சரியாகுமா?"

தம்பி, பை 5 இப்போதைக்கு வேண்டாம். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த 45-ஐ எடுத்துக்கொள்வோம்.

சிபியு சுமையைக் காட்டும் டாப் கட்டளை 3 நொடிக்கு ஒருமுறை, நான்கு கோருக்கும் சேர்த்துச் சராசரி காட்டுகிறது. ஒரு கோர் முழுக்கத் திணறி, மற்ற மூன்றும் சும்மா இருந்தால் அங்கே 25 என்றுதான் தெரியும். உங்கள் ஒலி 48,000 ஹெர்ட்ஸில் 256 சாம்பிள் கொண்ட துண்டுகளாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு துண்டுக்குக் கிடைக்கும் நேரம் 5.33 மில்லிநொடி. 3 நொடிக்குள் அப்படி 562 துண்டுகள். 561 துண்டு நேரத்துக்கு வந்து ஒன்றே ஒன்று பிந்தினாலும் காதுக்கு அது ஒரு 'டப்'. சராசரிக்கு அது கண்ணிலேயே படாது. நாள் முழுக்க நெடுஞ்சாலையில் சராசரியாக எத்தனை வண்டி என்று பார்த்துவிட்டு, காலை எட்டு மணிக்கு போர்ட் லூயிஸுக்குள் நுழைய எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லப் பார்ப்பது மாதிரிதான் இது.

ஆகவே சதவீதத்தை மூடி வைத்துவிட்டு, ஒவ்வொரு வேலையும் மிக மோசமான வேளையில் எத்தனை மில்லிநொடி எடுக்கும், அத்தனை மில்லிநொடி அதற்கென்று எடுத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மீதி எல்லாம் இதிலிருந்து வருவதுதான்.

கணக்குக்குப் போகும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். கோளாறு எத்தனை நேரத்துக்கு ஒருமுறை வருகிறது என்று கடிகாரம் வைத்துக் குறியுங்கள். இடைவெளியே பாதி நோயைச் சொல்லிவிடும். சரியாக நொடிக்கு ஒருமுறை என்றால் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) போடும் ரியல்டைம் கட்டுப்பாடு. 5 நொடி அல்லது 30 நொடிக்கு ஒருமுறை என்றால் எஸ்டி கார்டு. நினைவகத்தில் எழுதி வைத்ததை லினக்ஸ் கார்டில் கொட்ட 5 நொடிக்கு ஒருமுறை விழிக்கிறது, 30 நொடி பழகிய தரவைக் கட்டாயம் தள்ளுகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் கேமராவுக்கும் சவுண்ட் கார்டுக்கும் கடிகாரம் ஒத்துப்போகவில்லை. மதியத்தில் மட்டும் என்றால் சூடு. ஒழுங்கே இல்லாமல், கூட்டம் நிறைந்த காட்சியில் மட்டும் வந்தால் சுருக்கி வந்த படத்தை விரிக்கும் டீகோடரின் உச்சநேரத்தை நீங்கள் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள்.

இந்தக் கடைசிக் காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை. 1080 வரிப் படம் சுருக்காமல் வந்தால், பிக்சலுக்கு 2 பைட் வீதம் நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால், நொடிக்கு ஏறக்குறைய 104 மெகாபைட். யுஎஸ்பி 2-இன் உச்சமே நொடிக்கு 60 மெகாபைட்தான். அதனால் இந்த வகைக் கேமரா ஒவ்வொரு ஃப்ரேமையும் ஜேபெக்காகச் சுருக்கி அனுப்புகிறது. ஜேபெக்கை விரிக்க ஆகும் நேரம் படத்தில் உள்ள நுணுக்கத்தைப் பொறுத்தது. வெறும் மண்டபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் கேமராவின் ஃப்ரேம் சின்னது. மயிலிறகும் பூவும் எலுமிச்சையும் ஆடுகிற காவடி, பின்னால் மஞ்சளும் சிவப்புமாகக் கூட்டம் என்று வந்தால் ஃப்ரேம் பருத்துவிடும், விரிக்கும் நேரமும் கூடும். வீட்டுக் கூடத்தில் எடுத்த அளவை வைத்துத் திருவிழாவுக்குப் பட்ஜெட் போடக் கூடாது. சென்ற வருடத்துக் காவடிப் பதிவு ஒன்றைப் பெரிய திரையில் ஓட்டி, கேமராவை அதன் முன் நிறுத்தி இரண்டு மணி நேரம் அளந்தால் உண்மைக்கு அருகில் வரலாம்.

இனி கணக்கு. உங்கள் பெட்டியில் நான் அளக்கவில்லை, ஆகவே இவை உதாரண எண்கள். உங்கள் எண்களைப் போட்டு நீங்களே செய்யுங்கள். ஒரே கோரில் நான்கு வேலை. ஒலிக் கலவை 5.33 மில்லிநொடிக்கு ஒருமுறை, உச்சம் 0.9. நெட்வொர்க்கில் அனுப்புவது 20 மில்லிநொடிக்கு ஒருமுறை, உச்சம் 2. ஒலியைச் சுருக்கும் ஏஏசி என்கோடிங், 1024 சாம்பிளுக்கு ஒருமுறை, அதாவது 21.33 மில்லிநொடிக்கு ஒருமுறை, உச்சம் 4. படம் 40 மில்லிநொடிக்கு ஒருமுறை, விரித்து, நிறம் மாற்றி, எழுத்துப் பட்டை ஒட்ட உச்சம் 14. கூட்டினால் 80.6 சதவீதம்.

1973-இல் லியூவும் லேலண்டும் காட்டிய விதிப்படி, அடிக்கடி வரும் வேலைக்கு உயர்ந்த முன்னுரிமை என்று நிலையாக வைத்தால், நான்கு வேலைக்கு 75.7 சதவீதம் வரை கேள்வியே இல்லாமல் எதுவும் தன் கெடுவை, அதாவது முடிக்க வேண்டிய நேரத்தை, தவறவிடாது. 80.6 அதைத் தாண்டுகிறது. பதற வேண்டாம். அந்த எல்லைக்குள் இருந்தால் கெடு நிச்சயம் தவறாது என்பது மட்டுமே அந்த விதி. தாண்டினால் தவறியே தீரும் என்று அது சொல்லவில்லை. தாண்டியபோது கையால் ஒரு கணக்குப் போட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி முன்னுரிமையில் இருக்கும் படத்தை எடுங்கள். மிக மோசமான கணத்தில் நான்கும் ஒன்றாக எழுகின்றன: 0.9, 2, 4, 14, மொத்தம் 20.9. ஆனால் அந்த 20.9 மில்லிநொடிக்குள் ஒலி நான்கு முறை எழுந்துவிடும், அனுப்பும் வேலை இரண்டு முறை. அவற்றையும் சேர்த்தால் 25.6. அதற்குள் ஒலி ஐந்து முறை, ஏஏசி இரண்டு முறை: 30.5. அதற்குள் ஒலி ஆறு முறை: 31.4. இன்னொரு சுற்று போட்டாலும் 31.4-தான், எண் நின்றுவிட்டது. 40-க்குள் 31.4, ஆகவே படம் கெடுவைத் தவறவிடாது. இதையே படத்தின் உச்சநேரத்தை 20 என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 39.2, இன்னும் தாங்குகிறது. 21 என்று வைத்தால் 40-ஐத் தாண்டிவிடும். ஒரு மில்லிநொடி வித்தியாசத்தில் ஒழுங்காக ஓடிய பெட்டி ஃப்ரேமை விட ஆரம்பிக்கிறது. டாப் கட்டளையின் நான்கு கோர் சராசரியில் அந்த வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. த்ரெட் மாறும் செலவையும், வன்பொருள் குறுக்கே சிபியுவைக் கூப்பிடும் இன்டரப்ட் செலவையும் நான் இதில் சேர்க்கவில்லை, அதனால் விளிம்புவரை போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் ஃபிஃபோ 99 கொடுத்தது ஏன் கெடுத்தது என்பது இப்போது தெரியும். ஃபிஃபோவில் ஒரே முன்னுரிமை உள்ள இரண்டு த்ரெட்டில், முதலில் பிடித்தது தானாக விடும்வரை மற்றது காத்திருக்க வேண்டும். படம் 14 மில்லிநொடி பிடித்துக்கொண்டால் 5.33 மில்லிநொடிக் கெடு உள்ள ஒலி இரண்டு துண்டை இழந்துவிடும். முன்னுரிமை என்பது மரியாதை வரிசை மாதிரி. எல்லோரையும் முதல் வரிசையில் உட்கார வைத்தால் வரிசையே இல்லை. அதோடு 99-இல் கெர்னலின் சொந்த வேலைகள் இருக்கின்றன, அதைத் தொடவே வேண்டாம்.

ஒலிக்கு 80, அனுப்புவதற்கு 70, ஏஏசிக்கு 60, படத்துக்கு 45 என்று வையுங்கள். 50 வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு: ப்ரீஎம்ப்ட் ஆர்டி என்ற ரியல்டைம் வகைக் கெர்னலில் இன்டரப்ட்டுகளும் த்ரெட்டாக ஓடும், அவற்றின் இயல்பு முன்னுரிமை 50. படமும் 50-இல் இருந்தால் அவற்றோடு மோதும். யுஎஸ்பியின் இன்டரப்ட் த்ரெட்டை மட்டும் 85-க்கு உயர்த்துங்கள். ஒலியும் படமும் அந்த வழியாகத்தான் உள்ளே வருகின்றன. வாசலில் நிற்பவனுக்கு வழி கிடைக்காவிட்டால் உள்ளே யாருக்கு என்ன முன்னுரிமை கொடுத்தும் பயனில்லை. அந்த இன்டரப்ட் பை 4-இல் 0-வது கோரில் விழும், அங்கேயே இருக்கட்டும். உங்கள் நான்கு வேலையை 3-வது கோரில் கட்டுங்கள். எழுதுவது, வெப் பக்கம், லாக் எல்லாம் 1, 2-இல். ப்ரீஎம்ப்ட் ஆர்டிக்குத் தனியாகப் பேட்ச் தேடி அலைய வேண்டாம், 2024-இல் வந்த 6.12 கெர்னலிலிருந்து அது மூலக் கெர்னலிலேயே இருக்கிறது, தொகுக்கும்போது தேர்ந்தெடுத்தால் போதும். ஆனால் முதலில் அதைப் போடலாம் என்று ஓடாதீர்கள். பட்ஜெட்டே தப்பாக இருந்தால், அது தப்பான வேலையை நேரம் தவறாமல் செய்து கொடுக்கும்.

ஃபிஃபோவின் குறை, அது எதையும் மறுக்காது. 150 சதவீதம் வேலை கொடுத்தாலும் சரி என்று வாங்கிக்கொண்டு, திருவிழா நடுவில் கவிழ்த்துவிடும். இதற்கு மாற்று ஒதுக்கீடு. மல்டிமீடியாவுக்காகவே பிறந்த யோசனை இது. 1994-இல் மெர்சர், சாவேஜ், டொகுடா மூவரும் சிபியுவை முன்கூட்டி ஒதுக்கிக் கொடுக்கும் முறையை முன்வைத்தார்கள். 1998-இல் அபேனியும் புட்டாசோவும், ஒரு வேலை தன் பங்கைத் தாண்டினால் அதன் கெடுவை மட்டும் தள்ளிவைத்து மற்றவர்களைக் காப்பாற்றும் வழியைக் கொடுத்தார்கள். அது 2014-இல் 3.14 கெர்னலில் டெட்லைன் வகுப்பாக லினக்ஸுக்குள் வந்தது. இதில் மூன்று எண் சொல்ல வேண்டும்: எவ்வளவு நேரம் வேண்டும், எதற்குள் முடிய வேண்டும், எத்தனைக்கு ஒருமுறை. முன்னுரிமை மாற்றும் சிஎச்ஆர்டி கட்டளையிலேயே கொடுக்கலாம், அலகு நானோநொடி. படத்துக்கு 14-இன் மேல் இருபது சதவீதம் கூட்டி 17, கெடு 40, காலம் 40.

நான்கையும் இப்படி ஒதுக்கிப் பாருங்கள். ஒலிக்கு 1.2, அனுப்புவதற்கு 2.5, ஏஏசிக்கு 5, படத்துக்கு 17. கூட்டினால் கிட்டத்தட்ட 101 சதவீதம். கெர்னல் ஒரு கோருக்கு 95 சதவீதத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாது. நான்காவது வேலையை 'பிஸி' என்று திருப்பி அனுப்பிவிடும். எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மறுப்பு முந்தின வாரமே உங்கள் மேசையில் கிடைக்கிறது பாருங்கள், அதற்காகவே இதை எனக்குப் பிடிக்கும். ஏஏசியை 2-வது கோருக்கு மாற்றினால் மீதி 77.5, தாராளமாக நுழையும்.

இதில் மூன்று பள்ளம் உண்டு. டெட்லைன் வகுப்பு எல்லா ஃபிஃபோவுக்கும் மேலே நிற்கும். படத்தை டெட்லைனிலும் ஒலியை ஃபிஃபோவிலும் ஒரே கோரில் வைத்தால், ஒலிக்கு 80 அல்ல 98 கொடுத்தாலும் படம்தான் முந்தும். ஆகவே ஒரு கோரில் ஒரே வகுப்பு. இரண்டாவது, டெட்லைன் வேலையை டாஸ்க்செட் கட்டளை மூலம் ஒரு கோரில் கட்டப் பார்த்தால் கெர்னல் மறுத்துவிடும். வேலைகளைக் குழுவாகப் பிரிக்கும் சிஜிரூப்பின் சிபியுசெட்டில் அந்தக் கோரைத் தனிப் பிரிவாக அறிவித்து, உள்ளே வேலையை வைக்க வேண்டும். மூன்றாவது, டெட்லைன் த்ரெட் புதிய த்ரெட்டைப் பிறப்பிக்க முடியாது. உள்ளே தானாகப் பத்து த்ரெட் உண்டாக்கும் டீகோடர் லைப்ரரி, காரணமே தெரியாமல் தோற்றுப் போகும். எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே உண்டாக்கிவிட்டு, அப்புறம் வகுப்பை மாற்றுங்கள்.

என்னைக் கேட்டால், நீங்களே எழுதிய சிறு வேலைகள் மட்டும் என்றால் ஃபிஃபோவும் மேலே போட்ட கைக்கணக்கும் போதும். வேறு யாரோ எழுதிய டீகோடர் உள்ளே இருந்தால் ஒதுக்கீடுதான் நல்லது, அதன் பிழை அதன் வேலிக்குள்ளேயே நிற்கும்.

சிபியு நேரத்தை ஒதுக்கிவிட்டால் முடிந்ததா என்றால் இல்லை. பை 4-இன் நான்கு கோரும் ஒரே 1 மெகாபைட் எல்2 கேஷை (சிப்புக்குள் உள்ள வேகமான சிறு நினைவகத்தை) பங்கிடுகின்றன, நினைவகப் பாதையும் ஒன்றே. 3-வது கோரை எவ்வளவு தனிமைப்படுத்தினாலும், 1-வது கோரில் யாரோ பெரிய ஃபைலைச் சுருக்கினால் உங்கள் 14 மில்லிநொடி நீளும். சுருக்கிய நிற வடிவில் ஒரு ஃப்ரேம் பிக்சலுக்கு ஒன்றரை பைட், 3.1 மெகாபைட். நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒவ்வொரு முறை அதைப் படிப்பதற்கும் ஒவ்வொரு முறை எழுதுவதற்கும் நொடிக்கு 78 மெகாபைட். விரித்தபோது எழுதினோம், நிறம் மாற்றப் படித்து எழுதினோம், எழுத்து ஒட்டப் படித்து எழுதினோம், என்கோடர் படித்தது: ஆறு நடை. முழு ஃப்ரேம் கேஷில் அடங்காது. ஆனால் 16 வரிப் பட்டை 45 கிலோபைட்தான். பட்டை பட்டையாக எடுத்து, நிறமாற்றமும் எழுத்து ஒட்டுவதும் ஒரே கையோடு முடித்து எழுதினால், நடுவில் உள்ள இரண்டு நடை கேஷுக்குள்ளேயே தீர்ந்துவிடும். நேரம் குறைவது மட்டும் இல்லை, ஆட்டமும் குறையும். அதுதான் நமக்கு வேண்டியது.

இதைவிடப் பெரிய திருடன் திரை. 1080 வரி, பிக்சலுக்கு 4 பைட், நொடிக்கு 60 முறை என்றால் திரைக்கு மட்டும் நொடிக்கு 498 மெகாபைட் போகிறது, மேலே சொன்ன ஒரு நடையைப் போல ஆறு மடங்குக்கு மேல். எச்டிஎம்ஐயை 50-க்கு மாற்றுங்கள். 83 மெகாபைட் மிச்சம். அதோடு 25 ஃப்ரேம் 50-இல் ஒழுங்காக இரண்டு இரண்டாக உட்காரும். 60-இல் இரண்டும் மூன்றுமாக மாறி மாறி விழுந்து, தேர் நகர்வது தட்டித் தட்டித் தெரியும். பலர் இதைச் சிபியு கோளாறு என்று நினைத்துக்கொள்கிறார்கள். நம் மொரிசியஸ் மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ்தான். கேமராவை 30-இல் விட்டால் ட்யூப் லைட்டும் மலிவு எல்இடியும் படத்தில் அலையடிக்கும். 25 ஃப்ரேம், ஷட்டர் 50-இல் ஒரு பங்கு, திரை 50. மூன்றும் ஒரே குடும்பம்.

என்கோடரும் ஒரு பங்கீடுதான், அங்கே முன்னுரிமை என்பதே கிடையாது. உள்ளே போன ஃப்ரேம் முடியும்வரை அடுத்தது நிற்க வேண்டும். அது 1080 வரியில் நொடிக்கு 30 ஃப்ரேமுக்கு உறுதி சொல்லப்பட்டது. 16-க்கு 16 கட்டமாக எண்ணினால் நொடிக்கு 2,44,800 கட்டம். உங்கள் முதல் படம் 25 ஃப்ரேமில் 2,04,000 எடுத்துக்கொள்கிறது. கைபேசிக்காரர்களுக்கு என்று 720 வரியில் இன்னொன்று சேர்த்தால் 90,000. மொத்தம் 2,94,000, நுழையாது. 360 வரி என்றால் 23,000 மட்டும், மொத்தம் 2,27,000, நுழையும். கைபேசிக்கு 360 போதுமா என்று பாட்டிமாரிடம் கேட்டால் போதும் என்பார்கள், பேரன்மார் முகம் சுளிப்பார்கள். இங்கே கணக்கு பாட்டி பக்கம்.

எஸ்டி கார்டைப் பற்றிச் சுருக்கமாக. மலிவான கார்டு உள்ளே தன்னைச் சுத்தம் செய்யும்போது நூற்றுக்கணக்கான மில்லிநொடி எழுத்தை நிறுத்தி வைக்கும். அதனால் பதிவு த்ரெட் தனி, நடுவில் நினைவகத்தில் வளையப் பஃபர். 8 மெகாபிட் ஓட்டம் நொடிக்கு 1 மெகாபைட், 64 மெகாபைட் பஃபர் கொடுத்தால் ஒரு நிமிடத்துக்கு மேல் கார்டு தூங்கலாம். கெர்னலின் 'டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ்' அமைப்பை 16 மெகாபைட் அளவுக்குக் குறைத்தால் மொத்தமாகக் கொட்டாமல் சிறுகச் சிறுக எழுதும். ஒலி த்ரெட்டுக்குள் லாக் எழுதுவது, மால்லாக் கூப்பிட்டுப் புது நினைவகம் கேட்பது, ஃபைல் திறப்பது மூன்றும் கூடாது. தொடங்கியதும் எம்லாக்-ஆல் கூப்பிட்டு எல்லாப் பக்கத்தையும் நினைவகத்தில் பூட்டி, பஃபர்களை ஒருமுறை தொட்டு எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் தொடுதலின் செலவு ஓடும்போது வந்து விழும்.

ஒலி த்ரெட்டும் சாதாரணத் த்ரெட்டும் ஒரே மியூடெக்ஸை (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பிடிக்கும் பூட்டை) பிடிக்கின்றனவா என்றும் பாருங்கள். சாதாரணத் த்ரெட் பிடித்திருக்கும்போது நடுத்தர முன்னுரிமை வேலை ஒன்று அதை நிறுத்தி வைத்தால், ஒலியும் சேர்ந்து நிற்கும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இதே சிக்கலால்தான். மியூடெக்ஸ் உண்டாக்கும்போது முன்னுரிமை வாரிசுரிமையை, அதாவது காத்திருப்பவரின் முன்னுரிமை பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் கிடைக்கும் வசதியை, இயக்கினால் போதும், அங்கேயும் அதைத்தான் செய்தார்கள். ஒலிப் பாதையில் மியூடெக்ஸே இல்லாமல், பூட்டற்ற வளையப் பஃபரில் போடுவது இன்னும் மேல்.

இனி கியூர்பிப்புக்கும் போர்ட் லூயிஸுக்கும் வருவோம். கியூர்பிப் மேட்டுநிலம், குளிர்ச்சி. தைப்பூசம் வருவதோ நம் கோடையில், ஜனவரி பிப்ரவரியில். மூடிய பெட்டி, துறைமுகப் பக்கத்து வெயில், உள்ளே முழு வேகத்தில் சிப். பை 4 80 டிகிரியைத் தொட்டதும் கோர்களின் வேகத்தைக் குறைக்கிறது. 85-ஐத் தாண்டினால் கிராஃபிக்ஸ் பக்கத்தையும் குறைக்கிறது, என்கோடர் அந்தப் பக்கம்தான். 1.5 கிகாஹெர்ட்ஸ் 1.0-க்கு இறங்கினால் எல்லா உச்சநேரமும் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். நம் 80.6 சதவீதம் 121 ஆகிவிட்டது. ஒரு கோரில் 121 நடக்காது. ஃபிஃபோவில் ஓடினால் அப்போது கெர்னல் தன் பாதுகாப்பைப் போடும்: ரியல்டைம் வேலை நொடியில் 950 மில்லிநொடிக்கு மேல் ஓடக் கூடாது என்பது இயல்பு அமைப்பு. மீதி 50 மில்லிநொடி ஒலி உட்பட எல்லாம் நிற்கும். நொடிக்கு ஒரு 'டப்'. 6.12-க்கு முந்தைய கெர்னல் என்றால் அதன் லாகில் ஆர்டி த்ராட்டிலிங் என்று ஒரு வரி வந்திருக்கும், தேடிப் பாருங்கள். அந்த வரம்பை எடுத்துவிடச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதை எடுத்தால் பெட்டி கைக்கே எட்டாமல் உறைந்துவிடும்.

பெட்டியின் நிலையைச் சொல்லும் விசி-ஜென்-சிஎம்டி கட்டளையில் கெட்-த்ராட்டில்ட் கேளுங்கள். வரும் எண்ணில் 0-வது பிட் இருந்தால் இப்போது மின்னழுத்தம் குறைவு, 2-வது பிட் இருந்தால் இப்போது வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது. 16-உம் 18-உம் இருந்தால் அதே இரண்டும் பெட்டி தொடங்கியதிலிருந்து எப்போதாவது நடந்திருக்கின்றன. மின்னழுத்தக் குறைவு என்றால் நீளமான மெல்லிய யுஎஸ்பி கேபிளை மாற்றி, 5.1 வோல்ட் 3 ஆம்பியர் சப்ளையைப் பெட்டி அருகிலேயே வையுங்கள். தூரத்தை 230 வோல்ட் பக்கம் கடக்கட்டும். சூடு என்றால் ஹீட்சிங்க்கும் விசிறியும். அதற்குப் பிறகும் பட்ஜெட்டை 1.5-இல் போடாதீர்கள். வெயிலில் மூன்று மணி நேரம் வைத்தும் தாங்குகிற ஒரு வேகத்தை, 1.2 என்று வையுங்கள், அதையே உச்சமாகவும் தாழ்வாகவும் பூட்டி, உச்சநேரங்களை அந்த வேகத்தில் அளந்து கணக்கைத் திரும்பப் போடுங்கள். நுழையாவிட்டால் வேலையைக் குறையுங்கள். வேகம் ஏறி இறங்கும் பெட்டியில் எந்தக் கணக்கும் நிற்காது.

கடிகார விலகல். கேமராவின் படிகமும் சவுண்ட் கார்டின் படிகமும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபட்டால், 800 நொடியில், அதாவது 13 நிமிடத்தில், ஒரு ஃப்ரேம் அளவு விலகும். ஆறு மணி நேரத்தில் ஒரு நொடிக்கு மேல். பஃபரைப் பெரிதாக்கினால் கோளாறு தள்ளிப் போகும், தீராது. ஒலியைத் தலைமைக் கடிகாரமாக வைத்து, விலகல் அரை ஃப்ரேமைத் தாண்டினால் ஒரு ஃப்ரேமை விடுங்கள் அல்லது இரட்டியுங்கள். கண்ணுக்கு அது தெரியாது, காதில் ஒரு சாம்பிள் விட்டாலும் தெரியும். உதட்டசைவுக்கு ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்37 பரிந்துரை ஒலி 40 மில்லிநொடி முந்தலாம், 60 பிந்தலாம் என்கிறது. வாசலில் நிற்பவர் ஸ்பீக்கரிலிருந்து 17 மீட்டர் தள்ளி இருந்தாலே காற்றில் 50 மில்லிநொடி போய்விடும், ஆகவே திரைக்கு முன்னால் உள்ளவர்களுக்கு இதை ரொம்பத் துல்லியமாக்கிப் பயனில்லை. ஒன்று மட்டும்: நாதஸ்வர மைக்கை நேரே ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுங்கள், கோவில் ஒலிபெருக்கி இந்தப் பெட்டி வழியாக ஓட வேண்டாம்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நாள் நேரம் போதாமல் போகும். அப்போது எது முதலில் விழ வேண்டும் என்பதை நீங்களே இன்றைக்கு எழுதி வையுங்கள், கெர்னல் தீர்மானிக்க விடாதீர்கள். முதலில் 360 வரிப் படம், அடுத்து எழுத்துப் பட்டை, அடுத்து 25 ஃப்ரேம் பாதியாவது. ஒலி மட்டும் எப்போதும் விழக் கூடாது. ஃப்ரேமை விடுவதாக இருந்தால் தொடங்கும் முன்பே விடுங்கள்: கெடுவுக்கு மீதி நேரம் உச்சநேரத்தைவிடக் குறைவா என்று பார்த்து, குறைவென்றால் தொடவே வேண்டாம். பாதி விரித்துவிட்டு விட்டெறிவது நேரத்தையும் தின்று படத்தையும் கெடுக்கும். என்கோடருக்குப் போன பிறகும் விடக் கூடாது, அடுத்த ஃப்ரேம்கள் அதைப் பார்த்துத்தான் கட்டப்படுகின்றன. ஒன்றை உருவினால் அடுத்த முழு ஃப்ரேம் வரும்வரை படம் சதுரம் சதுரமாக இழுபடும். கீழே இறங்குவது உடனே நடக்கட்டும், மேலே ஏறுவதற்குப் பத்து நொடி நிம்மதியாக ஓடியதா என்று பார்த்து ஏறட்டும். இல்லாவிட்டால் ஏறி இறங்கி ஏறி இறங்கி, அதுவே ஒரு கோளாறாகிவிடும்.

பை 5 கேட்டீர்களே. அதன் கோர்கள் வேகமானவைதான், ஆனால் அதில் எச்.264 வன்பொருள் என்கோடர் இல்லை. இப்போது போர்டு தனியாகச் செய்யும் வேலை முழுவதும் சிபியு தலையில் ஏறும், அதுவும் காட்சிக்குக் காட்சி நேரம் மாறுகிற வேலை. சூடும் கூடும். இருக்கிற பெட்டிக்கு விசிறி போட்டு, திரையை 50-க்கு மாற்றி, 99-களை எடுத்துவிட்டு ஒரு மதியம் வெயிலில் ஓட்டிப் பாருங்கள். அதற்குப் பிறகும் 'டப்' வந்தால், எத்தனை நொடிக்கு ஒருமுறை வந்தது என்றும், நான்கு வேலையின் உச்சநேரங்களையும், அந்தக் கெட்-த்ராட்டில்ட் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.